ரெண்டு விரல் பழம்

முன்னொரு காலத்திலே, மாடும் மனுசனும் ஒரே குளத்தில் தண்ணி குடித்த காலத்திலே, ஒச்சாயி என்று ஒரு சிறுமி இருந்தாள். அவளுக்கு இருளப்பன் என்று ஒரு அண்ணன்காரன். ஒருநாள் காலையில் ஒரே ஒரு பனங்கிழங்குக்காக ரெண்டு பேருக்கும் சண்டை. அண்ணன் சுண்டுவிரலை நீட்டிக் 'காய்' விட்டுவிட்டு, மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு மாட்டுச்சந்தைக்குக் கிளம்பினான். இவளும் பின்னாலேயே ஓடினாள்.

அந்தச் சந்தையில் பேரம் வாயால் நடக்காது. துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துத்தான் நடக்கும். கோபத்தில் இருந்தவனுக்கு வழக்கமாவது ஒன்றாவது! ரெண்டு வெள்ளைக் காளைகளோடு நின்ற மந்திரவாதி சுழிமாயனிடம், "என்ன விலை?" என்று வாயைத் திறந்தான். திறந்ததுதான் தாமதம், அவனும் காளையாகிவிட்டான்.

மந்திரவாதி கோலைச் சுழற்றினான். மூன்று காளையும் இடம் மாறி நின்றன. எது அண்ணன்? அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்தன.

பேசினால் மாடு என்று ஒச்சாயிக்குப் புரிந்துபோயிற்று. வாயை இறுக மூடிக்கொண்டு, கையில் துண்டை விரித்து நீட்டினாள்.

"கெட்டிக்காரிதான். உன் அண்ணனைக் கண்டுபிடிச்சா கூட்டிட்டுப் போ. தப்பாத் தொட்டா நீயும் மாடு" என்று துண்டுக்குள் கை கொடுத்தான் சுழிமாயன். கை கொடுத்த பேரத்தை மந்திரவாதியும் மீற முடியாது.

ஒச்சாயி 'வா' என்று கையசைத்தாள். மூன்றும் வந்தன.

"உம் பேரென்ன தாயி?" என்று அவள் வாயைக் கிளறினான் சுழிமாயன். அவள் பேசவில்லை.

புல் இருப்பதுபோல் கையைக் குவித்தாள். மூன்றும் முகர்ந்தன.

"உங்காத்தா கிணத்துல விழுந்துட்டாளாமே?" என்றான். கண்ணில் தண்ணி வந்தது. அவள் பேசவில்லை.

"காய் விட்ட அண்ணன் எப்படித் தாயி வருவான்?" என்று சிரித்தான்.

பாவிப்பயல், தன் வாயாலேயே கெட்டான்! ஒச்சாயி ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் 'பழம்' என்று நீட்டினாள். ரெண்டு காளை சும்மா அசைபோட்டன. ஒன்று மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. அட, அந்தப் பிடிவாதம் அவளுக்குத் தெரியாதா? சுற்றிப் போய் அதன் முகத்துக்கு நேரே மறுபடி நீட்டினாள்.

காளை கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மெதுவாக முன்னங்காலைத் தூக்கியது. மாட்டுக் குளம்பு ரெண்டாகப் பிளந்துதானே இருக்கும்? அதுவும் 'பழம்' விட்டது!

விரலும் குளம்பும் தொட்டன. மாயம் உடைந்தது. அண்ணனோடு, மற்ற ரெண்டு காளையாய் இருந்தவர்களும் மனுசராகி எழுந்தார்கள். மாயம் திருப்பியடித்துக் காளையாகிப்போன சுழிமாயனுக்கோ வாயில் 'ம்மா' தவிர வேறு பேச்சில்லை.

"கிழங்கை நீயே தின்னுட்டியா?" என்றான் அண்ணன்.

இப்போது பேசலாம்தான். ஆனால் அவள் கை முந்திக்கொண்டது. பாவாடை முடிச்சை அவிழ்த்து, பாதிக் கிழங்கை எடுத்து நீட்டினாள் ஒச்சாயி.

அவர்கள் கிழங்கைத் தின்றார்கள், நாம் கதையைத் தின்றோம்.