ஒடியா பேசின முப்பது திரை

ஒரு ஊர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்துச்சு. பனியன் கம்பெனிங்க நிறைஞ்ச ஊர். ஆஸ்பத்திரி வாசல்ல முப்பது தொடுதிரை வரிசையா நிக்கும். பேரையும் வியாதியையும் தொட்டுச் சொன்னாத்தான் டிர்ர்ர்னு டோக்கன் வரும். டோக்கன் இல்லாதவங்களை வாட்ச்மேன் உள்ள விட மாட்டார். திரைக்குத் தெரிஞ்சது தமிழும் இங்கிலீஷும்தான். ம் கொட்டு கண்ணு.

அதுக்கெல்லாம் பின்னாடி, ஏசி கிர்ர்ருன்னு ஓடுற ஜன்னலில்லாத ரூம்ல ஜோவிட்டான்னு ஒருத்தி இருந்தா. கம்ப்யூட்டர் படுத்துக்கிட்டா எழுப்பி விடுறது அவ வேலை.

ஒரு திங்கக்கிழமை வாட்ச்மேன் வேலாயுதம் டீ குடிக்க வந்தவர், ஒடிசாப் பொண்ணு ஒண்ணு கைக்குழந்தையோட வந்துச்சு, குழந்தைக்கு உடம்பு அனலாக் கொதிக்குது, திரை முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டுப் போயிடுச்சுன்னார்.

"நீங்களே தொட்டுக் குடுத்திருக்கலாமே அண்ணே."

"அது பேசுறது எனக்குப் புரிஞ்சாத்தானே தாயி? பின்னாடி முந்நூறு பேர் நிக்கிறாங்க."

ஜோவிட்டா டீயைக் கீழ வச்சுட்டா. அந்தக் குழந்தை திரும்ப வந்தா உள்ள போயிடணும், அது ஒண்ணுதான் மனசுல ஓடுச்சு. மேனேஜர்கிட்ட கேட்டதுக்கு, அவங்க பேசுற ஒடியாவையும் போட்டுக்கோங்க, வரிசை மட்டும் நிக்கக்கூடாதுன்னு சொன்னார்.

அப்போ அவ ஒவ்வொரு திரையா, டக் டக்னு கையாலேயே மொழியை இறக்கினா. ஒண்ணுக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. செவ்வாய் சாயங்காலம் பாத்தா, முடிஞ்சது மூணே மூணு. அன்னைக்கும் அந்தப் பொண்ணு வந்துச்சு. கூட்டம் அதைத் தள்ளிக்கிட்டுப் போய் பத்தொன்பதாவது திரை முன்னாடி விட்டுடுச்சு. பாத்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு.

ம். இன்னும் தூங்கலையா?

அப்புறம் அவ ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா. இதைச் செய், அதைச் செய்னு கம்ப்யூட்டருக்கு வரிசையா எழுதி வைக்கிற உத்தரவு. ஒரு தட்டு தட்டினா முப்பதும் தானே மொழியை இறக்கிக்கும். தட்டினா. டிங், டிங், டிங். தன் லாகின் பேர்ல திறந்து பாத்தா, உருண்டை உருண்டையா ஒடியா எழுத்து. மாதாவுக்கு நன்றி சொல்லிட்டு வீட்டுக்குப் போனா. ஆனா மொழி போனது அவ பேருக்கு மட்டும். ஜனங்க தொடுற திரை வேற பேர்ல திறக்கும். அந்தப் பேர்ல அவ பாக்கவே இல்ல. வியாழக்கிழமை பொண்ணு மூணாவது தடவையா வந்துச்சு, அதே தமிழ், அதே இங்கிலீஷ். குழந்தை இப்போ அழக்கூட இல்லைன்னார் வேலாயுதம்.

ஜோவிட்டா அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போகல. ஸ்கிரிப்டைத் திருத்தி, எல்லாப் பேருக்கும் மொழி போற மாதிரி எழுதினா. வெள்ளிக்கிழமை காலையில எல்லாம் இறங்கிடுச்சு. ஆனா ஒரு தடவை அணைச்சுத் திறந்தாத்தான் அது வேலைக்கு வரும். பத்துப் பத்தா அணைச்சிருக்கலாம். அதுக்குள்ள அந்தப் பொண்ணு வந்துடுமோன்னு பயம் விடல. முப்பதையும் ஒண்ணா அணைச்சுட்டா. டப். பன்னிரண்டு நிமிஷம் எல்லாத் திரையும் கறுப்பு.

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துல போன் வந்துச்சு. "தாயி, அந்தப் பொண்ணு வந்து பாத்துட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போகுது. நான் கேட்டை விட்டு நகர முடியாது."

ஓடினா. செருப்பு கழண்டுச்சு, விட்டுட்டு ஓடினா. பஸ் உர்ர்ருன்னு உறுமிக்கிட்டு நிக்குது, ஜன்னலோரமா அந்தப் பொண்ணு. கூப்பிடணும், ஆனா பேர் தெரியாது. முப்பது கம்ப்யூட்டருக்கு ஒடியா சொல்லிக் குடுத்தவளுக்கு, 'வா'ன்னு ஒரு வார்த்தை ஒடியாவுல வரல.

ம்.

ரெண்டு கையையும் நீட்டினா, குழந்தையை வாங்குற மாதிரி. அந்தப் பொண்ணு குழந்தையை நெஞ்சோட இறுக்கிக்கிச்சு. கண்டக்டர் திட்டினார். ஜோவிட்டா கையை மடக்கல. அப்புறம் என்ன நினைச்சுதோ, அந்தப் பொண்ணு எந்திரிச்சு இறங்குச்சு.

திரும்பி வந்தப்போ முப்பது திரையும் முழிச்சிருந்துச்சு. உருண்டை எழுத்தைப் பாத்ததும் பொண்ணு அப்படியே நின்னுடுச்சு. அப்புறம் தானே தொட்டுச்சு, தானே பேர் போட்டுச்சு. டிர்ர்ர்னு டோக்கன் வந்துச்சு. குழந்தை பேர் அதுல இருக்கு, ஜோவிட்டாவால படிக்க முடியல. நர்ஸ் ஓடி வந்து குழந்தையை வாங்கிட்டு உள்ள போனாங்க. கதவு மூடிடுச்சு.

பாப்பாவுக்குச் சரியாச்சான்னா கேக்குற? கதவு இன்னும் திறக்கல கண்ணு. வெளியில ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க.

கதை அதுக்கு மேல போகல. நீ கண்ணை மூடு, நான் முழிச்சிருக்கேன்.