பழைய வீட்டுக்காரம்மா குடுத்த சர்டிபிகேட்

நம்ம மாசிலாமணி ஜெர்மனிக்கு ஓட்டல் வேலைக்குப் போனான். முதல்ல தங்கின ஹாஸ்டலை விடிஞ்சாக் காலி பண்ணணும். கட்டில்லேருந்து கரண்டி வரைக்கும் எல்லாம் போட்ட வீடு ஒண்ணு கிடைச்சுது. வீட்டுக்கார ஹெல்காம்மா மூக்கை மேல தூக்கிக்கிட்டு, "உன் பழைய வீட்டுக்காரர் உன்னைப் பத்திச் சொல்லணும். இல்லேன்னா நடையைக் கட்டு"ன்னுட்டா.

பொறந்ததுலேருந்து அவன் இருந்தது ஒரே வீடு. அந்தம்மா எதிர்லயே ஊருக்கு வீடியோ கால் போட்டான். "அம்மா, நான் எப்படிப்பட்ட குடித்தனக்காரன்?"

"நீயா? இருபத்தாறு வருசமா வாடகையே தந்ததில்ல. ஈரத்துண்டைக் கட்டில்லயே போடுவே. ஆனா நீ போனதுலேருந்து வீடு வீடாவே இல்லடா."

அதை அப்படியே ஜெர்மன்ல சொன்னான்.

"கெட்டதையும் ஏன்டா சொன்னே?"ன்னா ஹெல்காம்மா.

"வீட்டுக்காரம்மா சொன்னதைத் திருத்த நான் யாருங்க?"

அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சுட்டு சாவியை நீட்டினா. அம்மா இன்னும் போனை வைக்கல. "டேய், அவங்க சாப்ட்டாங்களான்னு கேளுடா!"