நடுரோட்டு அரளி

அந்தக் காலத்தில், செடிகொடிக்கும் சக்கரத்துக்கும் வாய் இருந்தபோது, அரளி ஓடைக்கரையில்தான் நின்றாள். தன் பூவைப் பற்றி அவளுக்கு அத்தனை பெருமை! கொய்யாப்பழம் விற்கிற பேச்சிக்கனி தினமும் விடியலில் வந்து பறித்துப்போய் மாரியம்மனுக்கு மாலை கட்டுவாள். "இன்னைக்கும் ஆத்தா கழுத்துல நான்தான்" என்று அரளி பக்கத்துச் செடிகளிடம் பீற்றிக்கொள்வாள்.

ஓடையை ஒட்டி மலையிறக்கச் சாலை. அப்போதெல்லாம் டயரும் தேயாது, பிரேக்கும் தேயாது, சாலையும் தேயாது. மூன்றுக்கும் அப்படியொரு வீம்பு. ஓடுகிற வண்டி தானாக ஓய்ந்தால்தான் நிற்கும்.

ஒருநாள் பேச்சிக்கனி சாலையோரம் கூடையை இறக்கிப் பழம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய தவழ்கிற பிள்ளை, அவள் திரும்புவதற்குள் நடுச்சாலைக்குப் போய்விட்டது. மேலேயிருந்து லாரி வருகிறது.

அரளி கத்தினாள். "டேய் டயரு, நில்லுடா! புள்ளைடா!"

"வழுக்குதே அக்கா, என்னால முடியலையே!" என்று டயர் அழுதது.

"என்னை இறுக்கிப் பிடி," என்றது சாலை. "ஆனா பிடிச்சா உன் தோலும் போகும், என் தோலும் போகும்."

"போனா போகட்டும்!" என்றது டயர்.

பிரேக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியது. கிரீச்! பிள்ளையை இடிக்காமல் லாரி நின்றது. பேச்சிக்கனி ஓடிவந்து வாரி அணைத்தாள். அப்பாடா என்று அரளி மூச்சுவிட்டாள்.

ஆனால் தேய்ந்த தோலெல்லாம் கரும்பொடியாகக் கிளம்பியது. பிள்ளை இருமியது. இருமல் நிற்கவே இல்லை.

டயர் துடித்துப்போனது. "காப்பாத்தப் போயி மூச்சை அடைச்சிட்டேனே அக்கா! இனிமே நிக்கும்போதெல்லாம் இப்படித்தானே?"

அரளி தன் பூவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அழாதடா. பொடியை எம்மேல வந்து உக்காரச் சொல்லு" என்றாள். வேரோடு கிளம்பி வந்து நடுச்சாலையில் நின்றாள். பொடி அவள் இலையிலும் படிந்தது, பூவிலும் படிந்தது. பிள்ளைக்கு இருமல் கொஞ்சம் தணிந்தது.

மறுநாள் விடியலில் பேச்சிக்கனி அவளைத் தேடி வந்து பூவைத் தொட்டாள். விரல் கறுத்தது. "இதை எப்படித் தாயி ஆத்தாளுக்குச் சாத்துவேன்?" என்று இலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போனாள். அரளி அழுதாள். அழாமல் இருப்பாளா, பாவம்!

அன்று முதல்தான் நடுரோட்டு அரளி கரிபடிந்த முகத்தோடு நிற்கிறாள். அவள் பூவை யாரும் சாமிக்குப் பறிப்பதில்லை. அவள் கைக்கு எட்டாத பொடியைக் காற்று இன்னும் கொண்டுபோகிறது. சாலையோர வீட்டில் ஏதாவது பிள்ளை இருமினால், அத்தனை லாரி இரைச்சலிலும் அது அவளுக்குக் கேட்டுவிடும். கிளையை இன்னும் கொஞ்சம் நீட்டுவாள்.