நின்றுகொண்டே இருந்த கடமான்

ஒரு காட்டில் கிழக் கடமான் ஒன்று நின்றுகொண்டிருந்தது. வாழ்ந்துகொண்டிருந்தது என்று நான் சொல்லவில்லை. நின்றுகொண்டிருந்தது. ஒரு புதருக்குள், காதைத் தூக்கிக்கொண்டு, இரவும் பகலும்.

அந்த வழியே ஒரு கீரி வந்தது. கேள்வி கேட்காவிட்டால் அதற்கு இரை இறங்காது.

"என்ன பெரியவரே, படுக்கவே மாட்டீரா?"

"படுத்தால் சிறுத்தை வந்துவிடும்."

"வந்ததா?"

"புதர் ஓரம் வரும். இருமும். போய்விடும்."

"போன பிறகாவது படுக்கலாமே?"

"திரும்பி வந்தால்?"

"சரி, ஆற்றங்கரையில் புல் செழித்துக் கிடக்கிறது. போய் மேயலாமே?"

"வழியில் மறைந்திருந்தால்? போடி, போ. முழங்கால் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. வயசாச்சு."

கீரி பார்த்தது. விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. புதரில் எட்டிய இலையெல்லாம் தீர்ந்து, கடமான் பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான், விழுந்துவிடும்.

ஆனால் கீரியின் மண்டைக்குள் வேறொன்று குடைந்தது. வேட்டைக்கு வருகிறவன் இருமிக்கொண்டா வருவான்?

நேரே சிறுத்தையின் பாறைக்குப் போனது. பாய்ந்தால் உள்ளே நுழைந்துவிட வசதியாக, பக்கத்தில் இருந்த ஒரு எலி வளையின் வாயில் நின்றுகொண்டுதான் கேட்டது. கேள்வி கேட்கும் பிராணிதான், முட்டாள் இல்லை.

"மாமா, ஒரு சந்தேகம்."

"கேட்டுத் தொலை."

"வேட்டைக்குப் போகும்போது எதற்கு இருமுகிறீர்கள்?"

சிறுத்தை சிரித்தது. தன் புத்தியைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் அது விடாது.

"எனக்கும் வயசாச்சு. அந்தக் கிழவனைத் துரத்திப் பிடிக்க முடியாது. துரத்த வேண்டியதும் இல்லை. காலையில் ஒரு இருமல், மாலையில் ஒரு இருமல். மிச்சத்தை அவன் பயம் பார்த்துக்கொள்ளும். தின்ன மாட்டான், தூங்க மாட்டான், நடக்க மாட்டான். ஒருநாள் கால் மடங்கும். அன்றைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுவேன்."

"அதுவரைக்கும்?"

"தூங்குவேன்."

தூங்கியும் விட்டது. குறட்டை வேறு.

கீரி ஓட்டமாய்த் திரும்பி வந்தது. "பெரியவரே, அவன் தூங்குகிறான். நீர்தான் விழித்திருக்கிறீர்!" கேட்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னது.

கடமான் கடித்துக்கொண்டிருந்த பட்டையைத் துப்பியது. பிறகு, "அப்படியானால் இத்தனை நாள் என்னைத் தின்றது யார்?" என்றது.

"அதைத்தான் நானும் கேட்க வந்தேன்."

"நான் தூங்கும்போது நிஜமாகவே வந்தால்?"

"மரத்தில் குரங்குகள் இருக்கின்றனவே. சிறுத்தையின் வால் தெரிந்தால் போதும், காடு அதிரக் கத்தும்."

"அதுகளை நம்பவா?"

"நம்பாமல் நின்று என்னத்தைக் கண்டீர்?"

கடமான் புதரை விட்டு வெளியே வந்தது.

முதல் நாள் முழங்கால் கதறியது. பக்கத்து ஆலமரம் வரை போய்த் திரும்பியது. மறுநாள் ஓடை வரை. வலித்தது, நடந்தது. அப்புறம் ஆற்றங்கரை. மேய்ந்தது. சேற்றில் புரண்டது. குரங்குகள் இருந்த மரத்தடியில் படுத்துத் தூங்கியது. இளமை திரும்பிவிட்டதா என்று கேட்காதீர்கள். கிழம் கிழம்தான். ஆனால் கால் சொன்னபடி கேட்டது.

சிறுத்தையோ காலிப் புதரைப் பார்த்துக் காலையும் மாலையும் இருமிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. சோம்பல்.

ஒருநாள் பார்த்தது. புதரில் மான் இல்லை. மோப்பம் பிடித்துக்கொண்டே ஆற்றங்கரைக்கு வந்தது. மரத்தடியில் கடமான் படுத்துக் கிடந்தது.

"கால் மடங்கிவிட்டது!" என்று பாய்ந்தது.

குரங்குகள் கத்தின. கடமான் எழுந்தது, ஓடியது, ஒரே மூச்சில் ஆற்றைக் கடந்து அக்கரை ஏறிவிட்டது. சிறுத்தை தண்ணீர் ஓரம் வரைதான் வந்தது. நாக்குத் தொங்க அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பாறையிலிருந்து புதருக்கும், புதரிலிருந்து பாறைக்கும் தவிர வேறெங்கும் போகாத கால் எத்தனை தூரம் ஓடும்?

மறுநாள் கீரி பாறைப் பக்கம் போனது. சிறுத்தை கண்ணை விரித்தபடி உட்கார்ந்திருந்தது.

"என்ன மாமா, தூக்கம் இல்லையா?"

"இனி என்னத்தைத் தின்பது என்று யோசனை. படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது." சொல்லும்போதே அதற்கு இருமல் வந்தது. நிற்காமல் வந்தது.

கீரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்த இருமல் எந்த மானுக்கு, மாமா?"

நீதி: வயதான உடம்புக்கு நடையும் வேண்டும், தூக்கமும் வேண்டும்; வராத ஆபத்துக்குக் காவல் நின்றால், வந்த ஆபத்துக்கு ஓடக் கால் இருக்காது.