இரண்டு பெட்டிக்கு ஒரு நேரம்

"ரெண்டு பெட்டிக்கு எதுக்கு ஒரு எசமான்?" என்று கேட்டார் மாசிலாமணி.

மெஹருன்னிசா கையில் இருந்த குட்டை கேபிளை நீட்டினார்.

"இதை ரெண்டுக்கும் நடுவுல மாட்டணும், அண்ணாச்சி."

"அண்ணாச்சி இல்லை. தோழர்."

"மாட்டணும், தோழர்."

"மாட்டினா?"

"இந்தப் பெட்டி நேரம் சொல்லும். அந்தப் பெட்டி அதைக் கேட்டு நடக்கும்."

"அதுக்குச் சொந்தமா நேரம் கிடையாதா?"

"இருக்கு. அதை விட்டுரணும்."

"இதைச் செஞ்சவன் இதுக்கு என்ன பேர் வச்சிருக்கான்?"

மெஹருன்னிசா சிரித்தார். "பழைய கையேட்டுல ஒண்ணுக்கு மாஸ்டர்னு போட்டிருக்கு. இன்னொண்ணுக்கு அடிமைன்னு போட்டிருக்கு."

மாசிலாமணி கேபிளைச் சுருட்டினார். சன்னல் கட்டையில் வைத்தார்.

"ஆயுசு பூரா இந்தக் கயிறைத்தான் அறுத்துக்கிட்டிருக்கேன்."

"அப்ப போடாதீங்க," என்றார் மெஹருன்னிசா.

கற்றுக்கொண்ட மாசிலாமணிக்கு வயது அறுபதை நெருங்கியது. கற்றுக்கொடுத்தவர் அவரைவிட இருபது வயது இளையவர். ஒலிப்பதிவு அவர் பிழைப்பு. கல்யாண மண்டபம், கட்சி மாநாடு, கோயில் கொடை எல்லாம் அவர் காது வழியாகப் போயிருக்கின்றன.

இடம், ஒரு மில் தொழிற்சங்கத்தின் மாடி.

மில்லை மூடிவிட்டார்கள். பிறகு சங்கம் மூன்றாக உடைந்தது. மாடி மட்டும் உடையாமல் இருந்தது.

அந்த மாடியில் ஒரு பாட்டுக்குழு மிச்சம் இருந்தது. பறை, டோலக், ஆர்மோனியம், கிடார், சில தொண்டைகள். விலைபோகாத தொண்டைகள்.

அவற்றில் பெரிய தொண்டை பவுனுவுடையது.

திங்கட்கிழமை அதை அறுக்கப்போகிறார்கள். உள்ளே கட்டி. உயிர் நிற்கும், குரல் நிற்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இன்று சனிக்கிழமை.

"நானே பதிவு பண்ணித் தர்றேன், தோழர்," என்று மெஹருன்னிசா முன்பே சொல்லியிருந்தார்.

"எங்க பாட்டை நாங்கதான் பதிவோம்," என்றார் மாசிலாமணி. "கத்துக்குடுங்க, போதும்."

கற்றுக்கொடுத்தார். கேபிளைத் தவிர மற்றதையெல்லாம் மாசிலாமணி கற்றுக்கொண்டார்.

பெட்டி என்று அவர்கள் சொன்னது ஆடியோ இன்டர்ஃபேஸை. மைக்கில் விழும் சத்தத்தை வாங்கிக் கணினிக்குக் கொடுப்பது. ஒரு பெட்டிக்கு எட்டு மைக். இந்தக் குழுவுக்கு எட்டு போதவில்லை. ஆகவே இரண்டு பெட்டி, இரண்டு லேப்டாப்.

பறையும் டோலக்கும் ஒரு பெட்டியில். குரல்கள் மற்றதில்.

கடைசி மைக்கை மாசிலாமணி தமக்கு வைத்துக்கொண்டார். பாட்டுக்கு நடுவே முழக்கம் சொல்வது அவர் வழக்கம்.

மைக்குகளின் ஒயர்களை இழுக்கும்போது ஒரு ஸ்டூல் இடறியது. மாடியின் நட்டநடுவில் கிடந்தது.

அதில் உட்கார்ந்து சின்ன வெண்கலக் கைத்தாளம் போட்டவர் சவரிமுத்து. போன ஐப்பசியில் இறந்துபோனார். துண்டறிக்கைகளில் அவர் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. மாசிலாமணிதான் துண்டறிக்கை எழுதுபவர்.

"இதை ஓரமாப் போடலாமா?"

பறை இருளப்பன் தலை நிமிராமல் சொன்னார்.

"கெடக்கட்டும், தோழர்."

"ஆள் இல்லையே."

"கெடக்கட்டும்."

கிடந்தது.

தொடங்கும் முன் ஒரு கைதட்டல் வேண்டும் என்றார் மெஹருன்னிசா. இரண்டு பெட்டியிலும் அது விழும். பிறகு இரண்டு பதிவையும் ஒன்றன் மேல் ஒன்று வைக்க அதுதான் அடையாளம்.

மாசிலாமணி தட்டினார். கையை உயர்த்தினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

மூன்றுக்குச் சற்றுப் பின்னால் எல்லோரும் ஒன்றாகத் தொடங்கினார்கள். அந்தச் சற்றை அவர் கவனிக்கவில்லை.

அவர்கள் நடுவில் நிறுத்துவதில்லை. ஒரு பாட்டின் கடைசி அடியிலேயே அடுத்த பாட்டு ஏறிக்கொள்ளும். மில் வாசலில் படித்த பாடம் அது. பாட்டு நின்றால் லத்தி பேசத் தொடங்கும்.

எனவே பதிவும் நிற்கவில்லை. வெயில் சன்னலில் இருந்து இறங்கித் தரையில் நடந்து எதிர்ச்சுவரில் ஏறும்வரை பாடினார்கள்.

முடிந்ததும் பவுனு வெந்நீர் கேட்டார். கேட்டது காற்றுப்போல வந்தது.

மாசிலாமணி இரண்டு பதிவையும் ஒரு லேப்டாப்பில் ஏற்றினார். கைதட்டலைக் கைதட்டலின் மேல் வைத்தார். ஒலிபெருக்கியைத் திறந்தார்.

முதல் பாட்டு வந்தது. பறை அதிர்ந்தது. பவுனு பாடினார். கத்தி போன்ற பாட்டு.

மாசிலாமணி ஆசிரியையைப் பார்த்தார்.

"எசமான் இல்லாம ரெண்டும் சேர்ந்துதானே நடக்குது?"

"கேளுங்க," என்றார் மெஹருன்னிசா.

இன்னும் சில பாட்டுகள் போயின.

பவுனுவின் குரலில் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டது. ஈரச் சுவரில் கை வைத்து எடுத்தால் இருக்கும் தடம்போல.

பிறகு நிழல் விலகியது.

"யாரு அது?" என்றார் பவுனு.



அங்கே இன்னொரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். தூரத்தில். கிணற்றுக்குள் நின்று பாடுவதுபோல. அதே பாட்டு, அதே சொல்.

ஆனால் பவுனு வாய் திறப்பதற்கு முன்னால் அவள் திறந்தாள்.

"எனக்கு முந்திப் பாடுறாளே. யாரு இவ, மெஹரு?"

"நீங்கதான் அக்கா. உங்க குரல் பறை மைக்லயும் விழுந்திருக்கு. அது இன்னொரு பெட்டி. அதோட நேரம் வேற. கொஞ்சம் கொஞ்சமா முன்னால போயிடுச்சு."

"நானா?"

"நீங்கதான்."

பவுனு தம் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

இருளப்பன் பயத்தைச் சிரிப்பாக்கப் பார்த்தார். "உங்க முழக்கமும் ரெண்டாக் கேக்குது, தோழர். ஒண்ணே தாங்காது."



கடைசிப் பாட்டு வந்தது. கடைசி அடி வந்தது. முன்னால் போனவள் முடித்துவிட்டாள். பின்னால் வந்த பவுனு, துணை இல்லாமல், தனியாக அந்தச் சொல்லை முடித்தார்.

"அவ போயிட்டா," என்றார் பவுனு மெதுவாக. "என்னை விட்டுட்டுப் போயிட்டா."

மாசிலாமணி ஒலியை நிறுத்தினார். 

"சரி பண்ணலாமா?"

"கண்ணை மூடுங்க, தோழர்."

அவர் இருபது வருடமாக யார் சொல்லியும் கண்ணை மூடியதில்லை. மூடினார்.

மெஹருன்னிசா கடைசிப் பாட்டைத் திரும்ப ஓடவிட்டார்.

"எதெல்லாம் ரெண்டாக் கேக்குது?"

"பவுனு. பறை. ஆர்மோனியம். யாரோ இருமுறது."

"எது ஒண்ணா இருக்கு?"

"எதுவும் இல்லை."

"கேளுங்க."

அவர் கேட்டார். நெடுநேரம் கேட்டார்.

எல்லாச் சத்தத்துக்கும் அடியில் ஒன்று இருந்தது. நகத்தால் வெண்கலத்தைச் சுண்டுவது போன்ற சத்தம். சிறியது. அவசரப்படாதது. கிட்டேயும் இல்லை, தூரத்திலும் இல்லை.

அது மட்டும் இரண்டாகவில்லை.

மாசிலாமணி கண்ணைத் திறந்தார்.

"கைத்தாளம்."

"ஆமா."

"இன்னைக்கு யாரும் கைத்தாளம் போடலை."

"ஆமா."

"எந்த மைக்ல விழுந்திருக்கு?"

மெஹருன்னிசா ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகத் திறந்து காட்டினார். பறை மைக்கில் இருந்தது. பவுனு மைக்கில் இருந்தது. மாசிலாமணி முழக்கமிட்ட மைக்கில், அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், இருந்தது. பதினாறிலும் ஒரே அளவாக இருந்தது.

"எப்படி?"

"தெரியாது, தோழர்."

ஆசிரியை தம் முன்கையைத் தேய்த்துக்கொண்டார். 

மாசிலாமணி மூட நம்பிக்கைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசியவர். பேய்க்குப் பயந்தவன் போலீசுக்கும் பயப்படுவான் என்பது அவர் எழுதிய துண்டறிக்கை. அவர் லேப்டாப்பைத் தம் பக்கம் திருப்பினார். பறைப் பெட்டியின் பதிவைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, பின்னால் இழுத்தார். முன்னால் போன பவுனுவைப் பின்னால் வரும் பவுனுவோடு சேர்த்தார்.

ஓடவிட்டார்.

பவுனு ஒருவரானார். பறை ஒன்றானது.

கைத்தாளம் இரண்டானது.

மாடியின் இரண்டு பக்கத்திலும் இரண்டு ஆள் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் தேடித் தட்டுவதுபோல இருந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் இருளப்பன். "அவரை ஏன் பிய்க்கிறீங்க?"

மாசிலாமணி நிறுத்தினார். இழுத்ததைப் பழையபடி விட்டார்.

  

பவுனு வெந்நீர்த் தம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை பாடுறேன்."

"வேண்டாம் பவுனு. டாக்டர் பேசவே கூடாதுன்னு சொன்னாரு."

"திங்கக்கிழமை எப்படியும் வெட்டத்தானே போறான்? மிச்சம் வச்சு யாருக்குக் குடுக்க?"

மாசிலாமணி தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முழுசும் வராது," என்றார் பவுனு. "கடைசிப் பாட்டு மட்டும். என்னைத் தனியா முடிக்க விடாதீங்க. அதுதான் கேக்கிறேன்."

மாசிலாமணி எழுந்தார். சன்னல் கட்டைக்குப் போனார். கேபிள் வெயிலில் சூடாக இருந்தது.

இரண்டு பெட்டிக்கும் நடுவே வந்து நின்றார்.

"இதுல எது எசமான்?"

"என்கிட்ட ஏன் கேக்கிறீங்க?" என்றார் மெஹருன்னிசா. "குழுவைக் கேளுங்க."

"பெட்டியைப் பத்தி இவங்களுக்கு என்ன தெரியும்?"

"பாடும்போது யாரைப் பார்க்கிறீங்கன்னு கேளுங்க."

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. "எங்க குழுவுல யாரும் யாரையும் பார்க்கிறது இல்லை. தலைமை கிடையாது. அப்படித்தான் இதைக் கட்டினேன்."

கட்டினேன் என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. மற்றவர்கள் கவனித்தார்கள்.

"கேளுங்க," என்றார் ஆசிரியை.

அவர் இருளப்பன் பக்கம் திரும்பினார். கேள்வி வாய்க்கு வரும் முன்பே பதில் வந்துவிட்டது. இருளப்பனின் கண் போன இடத்துக்கே டோலக்காரரின் கண்ணும் போயிற்று. ஆர்மோனியக்காரரின் கண் போயிற்று. பவுனு கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

நட்டநடுவில் ஸ்டூல் இருந்தது.

"அங்க ஆள் இல்லை," என்றார் மாசிலாமணி.

"தெரியும், தோழர்."

"செத்து மாசக்கணக்காச்சு."

"நாங்கதான தூக்கிட்டுப் போனோம்?"

"அவரு எப்பவாவது உங்களுக்குக் கட்டளை போட்டாரா?"

பவுனு தலையாட்டினார். "அந்த மனுசன் பேசி நான் கேட்டதே இல்லை."

"மிரட்டினாரா? முறைச்சாரா?"

"நாங்க தப்பினா அவரு தப்ப மாட்டாரு," என்றார் இருளப்பன். "அவ்வளவுதான்."

மாசிலாமணி கேபிளின் சுருளைப் பிரித்தார். மேடைகளில் பதிலுக்குப் பதில் சொல்லியே பேர் வாங்கிய மனிதர்.

பிறகு குனிந்தார். கேபிளின் ஒரு முனையைத் தாளம் சொல்லும் பறைப் பெட்டியில் மாட்டினார். மறுமுனையைக் குரல் பெட்டியில் மாட்டினார்.

குரல் பெட்டியில் ஒரு சின்ன விளக்கு. அது துடித்தது. தேடுவதுபோலத் துடித்தது. அப்புறம் துடிப்பு அடங்கி, ஒரே நிலையில் நின்றது.

"இனி ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும்," என்றார் மெஹருன்னிசா.

மாசிலாமணி தம் மைக்கை எடுத்தார். முழக்கம் போடும் மைக். ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு போய் ஸ்டூலுக்கு முன்னால் வைத்தார். உட்கார்ந்தால் மடியில் கை இருக்கும் உயரத்துக்கு இறக்கினார்.

"அதுக்கு மைக் வேண்டாம், தோழர்," என்றார் மெஹருன்னிசா.

"ஏன்?"

"பதினாறுலயும் விழுந்தாச்சே."

மாசிலாமணி மைக்கை அணைத்தார். ஆனால் அங்கிருந்து எடுக்கவில்லை.

பதிவு ஓடத் தொடங்கியது. அவர் ஒருமுறை கை தட்டினார். இரண்டு பெட்டியிலும் அது விழுந்தது.

பவுனு கண்ணை மூடி மூச்சை இழுத்தார். உள்ளே எதுவோ கீறுவது எல்லோருக்கும் கேட்டது.

மாசிலாமணி வழக்கம்போலக் கையை உயர்த்தினார்.

"ஒண்ணு."

யாரும் அவர் கையைப் பார்க்கவில்லை.

"ரெண்டு."

அவர் கை அந்தரத்தில் நின்றது. மூன்று அவர் வாய்க்குள்ளேயே இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

எல்லோரும் ஒரே நொடியில் தொடங்கினார்கள்.