மேல்தண்ணீர்

மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு மீன் பொரிப்பகம். அங்கே பெரிய தொட்டி ஒன்றில் சூரை மீன்களை வளர்த்துவந்தான் ராக்கப்பன். அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் ஒரு சங்கடம் வந்தபோது, கல்லூரியில் தனக்குப் பாடம் சொன்ன ஜெசிந்தா மேடத்தைத்தான் வரச்சொன்னான்.

அவர் வந்து தொட்டியோரம் நின்றார். சூரைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நீந்துவதை நிறுத்தினால் மூச்சு நின்றுபோகும் மீன் அது.

"முட்டையே போடலை மேடம். நாளைக்கு எல்லாத்தையும் பிடிச்சு, முட்டை போட வைக்க ஊசி போடச் சொல்லிட்டாங்க."

"போடேன்."

"இது கொடுவா மீன் இல்லையே, பிடிச்சாலும் தாங்குறதுக்கு. கை பட்டாலே துடிச்சுச் செத்துப்போகும். கடல்லேருந்து கொண்டுவந்தப்பவே பாதி போயிடுச்சு."

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி கேட்டான்.

"அடைச்சு வச்ச இடத்துல எந்த உயிராவது மனசாரக் குஞ்சு பொரிக்குமா மேடம்?"

அவர் சுற்றும் மீன்களைக் கண்ணால் தொடர்ந்தார்.

"சாயங்காலம் வழக்கமா என்ன செய்வியோ, செய். பார்க்கிறேன்."

ராக்கப்பன் சாளை மீனை நறுக்கி இரையாகப் போட்டான். தண்ணீரின் மேல் எண்ணெய் மினுமினுத்தது. வெயில் தணிந்தது. திடீரென்று சில மீன்கள் ஒரு மீனின் பின்னால் ஒட்டிக்கொண்டு விரைந்தன. அவற்றின் விலாவில் கரும்பட்டைகள் தோன்றித் தோன்றி மறைந்தன.

"பார்த்தீங்களா, சண்டை. தினமும் இந்த நேரத்துக்கு ஆரம்பிச்சிடும்."

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுல்ல?"

"என்ன மேடம், பந்தியில முதல் ஆளா உட்கார்ந்தது நீங்கதானே."

"அப்புறமும் இது சண்டைன்னா தெரியுது?"

"எங்க வீட்லயும் பெரிசா வித்தியாசம் தெரியாது மேடம்."

அவர் சிரித்தார். ராக்கப்பன் போய், தொட்டியின் விளிம்போரம் இருந்த மேல்குழாயைத் திறந்தான். எண்ணெய்ப் படலம் அதன் வழியே வழிந்து போனது.

"இதை எதுக்குத் திறக்கிறே?"

"மேல்தண்ணியைச் சுத்தமா வைக்கணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

"நானா சொன்னேன்?"

"முதல் வருஷத்திலேயே."

அவர் முகம் சற்று வாடியது.

"ராத்திரி பூரா திறந்திருக்குமா?"

"ஆமா. காலையில அடைச்சிட்டு, கைவலை போட்டு முட்டை தேடுவேன். ஒண்ணும் இருக்காது."

"நுண்வலைத் துணி இருக்கா?"

கொண்டுவந்தான். குழாயின் வெளிவாயில் துணியைப் பைபோல் கட்டி, அடிப்பகுதி நனைந்தே இருக்கும்படி கீழே ஒரு தொட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டார்.

"விளக்கையெல்லாம் அணை. வா, சாப்பிடப் போவோம்."

காலையில் ராக்கப்பன் பையை மெல்லப் பிரித்து, ஒரு கை அள்ளினான். கடுகைவிடச் சிறிய முட்டைகள். கண்ணாடிபோல் தெளிந்தவை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துளி எண்ணெய். உள்ளங்கைத் தண்ணீரில் அவை மிதந்தன.

ஈரத்தரை என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டான்.

"போடுதுங்க மேடம்."

"ம்."

"போடுதுங்க!"

ஊசிக்காரருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றான். எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும்தான் வந்தன. போனை மேடத்திடமே கொடுத்துவிட்டான்.

அவர் பேசி முடித்துத் திரும்பியபோது அவன் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ இத்தனை மாசமா நானே திறந்து விட்டிருக்கேன்."

"நான் சொல்லி, நீ திறந்தே."

"எல்லாம் போச்சே மேடம்."

"இந்தக் குழாய் எங்கே போகுது?"

"கடலுக்குத்தான்."

அவர் கடலின் பக்கம் திரும்பினார். ராக்கப்பன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இனிமே துணி கட்டாம ஒருநாளும் திறக்கமாட்டேன்."

"வாரத்துல ஒருநாள் கட்டாதே" என்றார் அவர்.

ராக்கப்பன் தொட்டியைப் பார்த்தான். பிறகு, குழாய் போய்ச் சேரும் கடலைப் பார்த்துத் தலையசைத்தான்.