தலைவர் மகனுக்கு ஏரியில் ஒரு மனை

நகராட்சியின் இருபதாண்டுத் திட்ட வரைபடத்தில் நீர்நிலைக்கு நீலம், குடியிருப்புக்கு மஞ்சள்.

"கீழேரிக்கு மஞ்சள் அடி. அருமையான இடம். வேலை வேணுமில்ல?" என்றார் தலைவர் தெய்வசிகாமணி.

வரைபடம் போடும் மரகதம் அப்படியே அடித்தாள். மன்றக் கூட்டத்தில் விரித்தபோது ஏரியின் நடுவே ஒரு மனை இருந்தது. அதில் தலைவர் மகனின் பெயர்.

"என்னம்மா இது?"

"அருமையான இடம்னீங்களே ஐயா. முதல் மனை தம்பிக்கு இருக்கட்டும்னு."

"விளையாடுறியா? ஐப்பசியில அங்க கழுத்தளவு தண்ணி நிக்கும்."

உறுப்பினர்கள் சிரித்துவிட்டார்கள்.

"அப்போ நீலமே அடிச்சிடறேங்க ஐயா."

ஏரி பிழைத்தது. எல்லோரும் மரகதத்தைப் பாராட்டினார்கள். அவள் வரைபடத்தின் வடக்கு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த வருடம், அங்கிருந்த குளத்துக்கு வாய் திறக்காமல் மஞ்சள் அடித்தவளும் அவள்தான். ஒவ்வோர் ஐப்பசியிலும் அங்கே நாற்பது வீடுகளில் கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைக்கிறார்கள்.